மாற்று என்ஜினுக்கு மலிவான புகைக்குழாய்

(பட்டறைத் தொழிலாளர்களுக்கான உரை)



பட்டறையில் வேலை செய்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறீர்கள். வெல்டிங் கற்றுக் கொள்கிற தம்பிகளும் வந்திருக்கிறீர்கள். இன்றைய பேச்சு புகைக்குழாய் பற்றியது. வண்டியின் பின்னால் நீட்டிக் கொண்டிருக்குமே, அந்தக் குழாய் அல்ல. என்ஜினோடு ஒட்டி இருக்கிற முதல் குழாய். கண்ணுக்கு அதிகம் தெரியாது. ஆனால் வண்டியில் ரொம்பச் சூடாகும் பாகங்களில் அதுவும் ஒன்று.

கம்பெனி வண்டியில் இது இரும்பில் வார்த்த ஒரே துண்டாக வரும். இதை மேனிபோல்டு என்று சொல்கிறோம். பந்தய வண்டிகளில் வேறு மாதிரி இருக்கும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு தனிக் குழாய். நான்கு குழாய்களும் வளைந்து வளைந்து வந்து ஒன்றாகச் சேரும். இதற்கு ஹெட்டர் என்று பெயர்.

பழைய வண்டியில் வேறு என்ஜினை வைக்கும்போது ஒரு கேள்வி வரும். எந்தக் குழாயைப் போடுவது? கையில் காசு குறைவு. மலிவாக எது கிடைக்கும்? மலிவாக வாங்கினால் ஆபத்து உண்டா?

இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கும் ஊர் ஒன்று உண்டு. அதன் பெயர் மண்டி டப்வாலி. ஹரியானாவும் பஞ்சாபும் சேரும் எல்லையில் இருக்கிறது. ஹரியானாவின் சிர்சா மாவட்டத்தைச் சேர்ந்தது. ராணுவம் ஏலம் விட்ட ஜீப்பின் பாகங்களை வாங்கி, புதிதாக ஜீப் கட்டுவதில் பேர் போன ஊர் அது. ஒரு வண்டியின் சட்டம் இருக்கும். இன்னொரு வண்டியின் என்ஜின் இருக்கும். கியர் பெட்டி மூன்றாவது வண்டியில் இருந்து வந்திருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாகப் பொருத்தி ஓட வைப்பார்கள்.

அப்படிப்பட்ட ஓர் ஊரில், ஒரு சின்னப் பட்டறைக்கு ஒரு ஜிப்ஸி வருகிறது என்று வையுங்கள். மாருதி ஜிப்ஸி 1985இல் நம் நாட்டுக்கு வந்தது. அப்போது அதன் என்ஜின் 970 சிசி. 1996இல் ஜிப்ஸி கிங் வந்தது. அதன் என்ஜின் 1298 சிசி. அதில் கார்பரேட்டர் இருந்தது. எட்டு வால்வு. பிறகு அதே 1298 சிசியில் பதினாறு வால்வு என்ஜின் வந்தது. அதில் கார்பரேட்டர் கிடையாது. இன்ஜெக்‌ஷன்.

பட்டறைக்கு வந்திருப்பது கார்பரேட்டர் ஜிப்ஸி கிங். என்ஜின் உடைந்து விட்டது. வண்டிக்காரர் காயலான் கடையில் ஒரு பதினாறு வால்வு என்ஜினை வாங்கி வைத்திருக்கிறார்.

“உஸ்தாத், இதையே போட்டு விடுங்கள். கூடவே நல்ல ஹெட்டர் ஒன்றும் போடுங்கள். ஆனால் செலவு அதிகம் ஆகக் கூடாது” என்கிறார்.

உஸ்தாத் உடனே ஸ்பேனரை எடுக்கவில்லை. “ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கினீர்களா?” என்று கேட்கிறார்.

சரியான கேள்வி. மோட்டார் வாகனச் சட்டம் 1988இல் வந்தது. அதன் 52ஆம் பிரிவு, வண்டியை இஷ்டம் போல் மாற்றுவதைத் தடுக்கிறது. கம்பெனி கொடுத்த விவரமும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரமும் வேறாகும்படி மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு சட்டமும் திருத்தப்பட்டது. அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று அந்தத் திருத்தம் வைத்தது. இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

பழுதான என்ஜினுக்குப் பதில் இன்னொன்றை வைப்பது என்றாலும் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகம் போக வேண்டும். எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். புது என்ஜின் எண் ஆர்.சி.யில் ஏற வேண்டும். என்ஜின் வாங்கிய பில்லும் வேண்டும். பில் இல்லாத என்ஜின் திருட்டு வண்டியின் என்ஜினாக இருக்கலாம். உத்தரப் பிரதேசத்தில் மீரட் நகரில் சோத்திகஞ்ச் என்று ஒரு பெரிய பழைய சாமான் சந்தை இருந்தது. திருட்டு வண்டிகள் அங்கே பிரிக்கப்படுகின்றன என்று போலீஸ் நடவடிக்கை எடுத்தது. 2021 டிசம்பரில் கடைகள் மூடப்பட்டன. அங்கே பில் இல்லாமல் சாமான் வாங்கியவர்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

அனுமதி கிடைக்கவில்லை என்றால் ஹெட்டர் பற்றிப் பேசவே வேண்டாம். ஆனால் இந்த வண்டிக்காரர் கெட்டிக்காரர். மனுக் கொடுத்து, அனுமதித் தாளைக் கையோடு வாங்கி வந்திருக்கிறார். இனி வேலைக்கு வரலாம்.

என்ஜின் எப்படி மூச்சு விடுகிறது? முதலில் காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுக்கிறது. அழுத்துகிறது. எரிக்கிறது. பிறகு புகையை வெளியே தள்ளுகிறது. இந்த நான்கு வேலைக்கும் தண்டு இரண்டு சுற்று சுற்ற வேண்டும். என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். ஒரு சிலிண்டர் ஒரு நிமிடத்தில் 1,500 முறை புகை விடும். ஒரு நொடிக்கு 25 முறை. நான்கு சிலிண்டரும் சேர்ந்தால் ஒரு நொடிக்கு 100 முறை.

நூறு பேர் ஒரே வாசலில் முண்டியடித்தால் என்ன ஆகும்? நெரிசல். முன்னால் போனவருக்கும் பின்னால் வருகிறவருக்கும் மோதல். குட்டையான இரும்பு மேனிபோல்டில் இந்த மோதல் கொஞ்சம் உண்டு. ஹெட்டரில் ஒவ்வொருவருக்கும் தனி வழி. அதனால் மோதல் குறையும். அது மட்டும் இல்லை. ஒரு குழாயில் வேகமாகப் போகிற புகை, பின்னால் வருகிற புகையையும் இழுத்துக் கொண்டு போகும். இதுதான் ஹெட்டரின் ரகசியம்.

நான்கு குழாயும் ஒரே இடத்தில் சேர்ந்தால் அது நாலுக்கு ஒன்று. முதலில் இரண்டு இரண்டாகச் சேர்ந்து, பிறகு ஒன்றானால் அது நாலு-இரண்டு-ஒன்று. இந்த என்ஜின் 1, 3, 4, 2 என்ற வரிசையில் எரிகிறது. ஆகவே ஒன்றையும் நான்கையும் சேர்க்க வேண்டும். இரண்டையும் மூன்றையும் சேர்க்க வேண்டும். சாலை வண்டிக்கு இந்த இரண்டாவது வகை நல்லது. நடு வேகத்தில் இழுவை கிடைக்கும். நாலுக்கு ஒன்று, என்ஜின் உச்சத்தில் சுற்றும்போதுதான் பலன் தரும். ஊருக்குள் யார் உச்சத்தில் ஓட்டுகிறார்கள்?

குழாயின் பருமன் பற்றி ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. பெரிய குழாய் போட்டால் பெரிய பலம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தோட்டத்தில் தண்ணீர் விடும்போது குழாய் வாயை விரலால் சிறிதாக்கினால் தண்ணீர் வேகமாகப் பாயும். வாயைப் பெரிதாக விட்டால் சொத்தென்று விழும். புகையும் அப்படித்தான். 1300 முதல் 1600 சிசி வரை உள்ள சாலை வண்டிக்கு ஒன்றரை அங்குலத்தை ஒட்டிய குழாய் போதும். அதாவது ஏறக்குறைய 38 மில்லிமீட்டர். அதற்குப் பதில் 45 மில்லிமீட்டர் போட்டால் குழாயின் வாய்ப் பரப்பு 40 சதவீதம் கூடி விடும். புகையின் வேகம் குறையும். ஏற்றத்தில் வண்டி இழுக்காது. சத்தம் மட்டும் வரும்.

சரி. மலிவான வழி எது?

ரொம்ப மலிவான வழி பல பேருக்குப் பிடிக்காது. வாங்கி வந்த என்ஜினோடு வந்த இரும்பு மேனிபோல்டையே போடுவதுதான் அது. காயலான் கடைக்காரர் என்ஜினைக் கொடுக்கும்போது மேனிபோல்டைக் கழற்றித் தனியாக விற்கப் பார்ப்பார். விடாதீர்கள். அதையும் சேர்த்தே பேரம் பேசுங்கள். தில்லி மாயாபுரி ஆனாலும், மும்பை குர்லா ஆனாலும், கொல்கத்தா மல்லிக் பஜார் ஆனாலும், சென்னை புதுப்பேட்டை ஆனாலும் பேரம் பேசும் நேரம் அதுதான். என்ஜினை வாங்கிக் கொண்டு போய் விட்டு, மறுநாள் மேனிபோல்டு தேடி வந்தால் விலை ஏறி இருக்கும்.

பழைய வண்டியின் மேனிபோல்டு இருக்கிறதே, அதைப் போட்டால் என்ன? இரண்டும் 1298 சிசிதானே? போட முடியாது. எட்டு வால்வு ஹெட் வேறு. பதினாறு வால்வு ஹெட் வேறு. ஓட்டைகளும் ஸ்டட்டுகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகாது. சிசியைப் பார்த்துக் குழாய் வாங்கக் கூடாது. ஹெட்டைப் பார்த்து வாங்க வேண்டும். கேஸ்கட்டைக் கையில் எடுத்துப் போய், குழாயின் வாயில் வைத்துப் பார்ப்பதுதான் நல்ல சோதனை.

பழைய இரும்பு மேனிபோல்டை எப்படிச் சோதிப்பது? அதைக் கயிற்றில் தொங்க விட்டுச் சின்னச் சுத்தியால் தட்டுங்கள். மணி போல் ஒலித்தால் நல்லது. ஓட்டைப் பானை போல் ஒலித்தால் விரிசல் இருக்கலாம். சந்தேகம் வந்தால் உள்பக்கம் மண்ணெண்ணெய் தடவுங்கள். வெளிப்பக்கத்தில் சாக்பீஸ் பூசுங்கள். சற்று நேரம் கழித்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் சாக்பீஸில் ஈரக்கோடு தெரியும். பிறகு ஹெட்டோடு சேரும் முகத்தின் மேல் ஒரு நேரான இரும்புப் பட்டையை வையுங்கள். இடையில் ஒரு சாதாரணக் காகிதம் நுழைகிறதா? நுழைந்தால் முகம் வளைந்து விட்டது. பட்டறையில் கொடுத்துச் சமமாகத் தேய்க்க வேண்டும். காகிதத்தின் கனம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். அவ்வளவு இடுக்கு போதும், புகை கசிய.

அடுத்த வழி, கடையில் கிடைக்கும் தயார் ஹெட்டர். பளபளவென்று இருக்கும். மயங்கி விடாதீர்கள். அதை வாங்கும்முன் வண்டியைப் பார்க்க வேண்டும். ஹெட்டரின் தொடக்கத்தை ஹெட் முடிவு செய்கிறது. அது எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை வண்டி முடிவு செய்கிறது. என்ஜின் மாற்றிய வண்டியில் இந்த இரண்டும் வேறு வேறு. அதனால்தான் தயார் ஹெட்டர் பல நேரம் இடிக்கிறது. ஸ்டியரிங் தண்டில் இடிக்கும். என்ஜின் மவுண்டில் இடிக்கும். ஸ்டார்ட்டர் மோட்டாரை அவிக்கும். வெளிநாட்டுச் சாமான் என்றால் இன்னொரு தொல்லை. அமெரிக்காவில் ஸ்டியரிங் இடது பக்கம். இங்கே வலது பக்கம். அங்கே வெற்றிடம் இருக்கும் பக்கம் இங்கே ஸ்டியரிங் தண்டு நிற்கும்.

பெட்ரோல் குழாய்க்கும் புகைக்குழாய்க்கும் நடுவே 35 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இடம் வேண்டும். இது மத்திய மோட்டார் வாகன விதி. மூன்று விரல் அகலம் கூட அதைவிடக் கொஞ்சம் அதிகம்தான். எனவே மூன்று விரல் நுழையாத இடம் ஆபத்தான இடம் என்று வைத்துக் கொள்ளலாம். புகை, இடது பக்கமாகவோ கீழ் நோக்கியோ வெளியேறக் கூடாது என்றும் விதி இருக்கிறது. இடது பக்கம்தானே மக்கள் நடக்கிறார்கள்!

செலவுக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இவை கணக்குப் பழக எடுத்துக் கொண்ட எண்கள். உங்கள் ஊர் விலையைக் கேட்டு நீங்களே போட்டுப் பாருங்கள்.

இரும்பு மேனிபோல்டு 2,500 ரூபாய். முகம் தேய்க்க 400. கேஸ்கட், ஸ்டட், நட்டு 600. முன் குழாயை வெட்டி இணைக்க 1,500. மொத்தம் 5,000 ரூபாய்.

தயார் ஹெட்டர் 9,000 ரூபாய். பார்சல் கூலி 600. ஸ்டியரிங் தண்டுக்கு இடம் விட்டு வெட்டி ஒட்ட 1,800. சென்சாருக்கு மரை வைக்க 400. கேஸ்கட், ஸ்டட், நட்டு 600. அசையும் இணைப்புக் குழாய் 1,200. மொத்தம் 13,600 ரூபாய்.

கடைக்காரர் சொன்னது 9,000தான். வீட்டுக்கு வந்தது 13,600. சரி, இதனால் கிடைத்தது என்ன? வேறு எதையும் மாற்றாத சாலை என்ஜினில் ஹெட்டர் மட்டும் போட்டால் சில குதிரைத் திறன் கூடலாம். அவ்வளவுதான். டீசல் டர்போ என்ஜின் என்றால் பேச்சே இல்லை. அங்கே டர்போவின் எடையைத் தாங்குவதே மேனிபோல்டுதான். மெல்லிய குழாய் அதைத் தாங்காது.

மூன்றாவது வழி, பட்டறையிலேயே குழாய் கட்டுவது. இங்கேதான் வெல்டிங் தம்பிகள் காதைக் கொடுக்க வேண்டும்.

சில பட்டறைகளில் தண்ணீர்க் குழாயை எடுத்து ஒட்டி விடுகிறார்கள். அதுதான் ஜி.ஐ. குழாய். மலிவாகக் கிடைக்கிறது. எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. ஆனால் அது வேண்டவே வேண்டாம். அந்தக் குழாயின் மேல் துத்தநாகம் பூசி இருக்கும். துத்தநாகம் 419 டிகிரி சூட்டில் உருகும். 907 டிகிரியில் ஆவியாகும். வெல்டிங் சூடு அதைவிட எவ்வளவோ அதிகம். வெள்ளையாகப் புகை எழும். அதைச் சுவாசித்தவருக்கு அன்று மாலையே குளிரும், காய்ச்சலும், உடம்பு வலியும் வரும். மறுநாள் சரியானது போல் இருக்கும். அதனால்தான் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக் கொள்வதில்லை. “ஒரு டம்ளர் பால் குடி, சரியாகப் போய் விடும்” என்பார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது. புகை நுரையீரலுக்குப் போகிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை.

துணி சுற்றும் வழக்கமும் உண்டு. சூடு வெளியே வராமல் இருக்க, பழைய ஆட்கள் ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றைச் சுற்றினார்கள். அந்தத் தூள் நுரையீரலில் போய்த் தங்கும். பல ஆண்டு கழித்துப் புற்றுநோய் வரலாம். பழைய வண்டியில் அப்படிக் கயிறு சுற்றி இருந்தால் காய்ந்தபடி பிய்க்காதீர்கள். காற்றடித்து ஊதவும் கூடாது. இப்போது கண்ணாடி இழைப் பட்டை கிடைக்கிறது. அதிலும் ஒரு தொல்லை. சாதாரண இரும்புக் குழாயில் சுற்றினால் ஈரம் உள்ளே தங்கித் துரு தின்று விடும். சுற்றுவதை விட, நடுவில் ஒரு தகடு வைத்து மறைப்பதே நல்லது.

குழாய் எந்த உலோகத்தில் இருக்க வேண்டும்? சாதாரண இரும்புக் குழாய் மலிவு. துருப்பிடிக்கும். ஆனால் ஒட்டுவது எளிது. சில ஆண்டு வரும். எவர்சில்வர் குழாய் துருப்பிடிக்காது. ஆனால் அதிலும் ரகம் இருக்கிறது. 409 என்று ஒரு ரகம். காந்தம் ஒட்டும். கம்பெனிகள் சைலன்சருக்குப் பயன்படுத்துவது பெரும்பாலும் இதைத்தான். 304 என்று ஒரு ரகம். காந்தம் ஒட்டாது. விலை அதிகம். 202 என்று மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. மாடிப்படிக் கைப்பிடிக்குப் போடுகிறார்களே, அது பெரும்பாலும் இந்த ரகம்தான். இதிலும் காந்தம் ஒட்டாது. 202ஐக் கொடுத்து 304 விலை வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆகவே, “காந்தம் ஒட்டவில்லை, நல்ல சரக்குதான்” என்று நம்பி விடக் கூடாது. எவர்சில்வர் வியாபாரிகள் ஒரு சோதனை மருந்து வைத்திருப்பார்கள். ஒரு சொட்டு விட்டால் 202 ரகத்தில் சிவக்கும். கடைக்காரரைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். சங்கடப்பட வேண்டாம். காசு உங்களுடையது.

எவர்சில்வர் நல்லதுதான். ஆனால் சூட்டில் அதிகமாக நீளும். 600 மில்லிமீட்டர் நீளக் குழாய் 500 டிகிரி சூடேறினால், சாதாரண இரும்பு மூன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். 304 ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் நீளும். நீள இடம் இல்லாவிட்டால் வெல்டிங் பிளக்கும். அதனால் மெல்லிய 304 குழாயை விட, கனமான சாதாரண இரும்புக் குழாய் சின்னப் பட்டறைக்கு ஏற்றது. 16 கேஜ் குழாய் எடுங்கள். அதன் கனம் 1.6 மில்லிமீட்டர். 18 கேஜ் 1.2 மில்லிமீட்டர்தான். ஹெட்டில் மாட்டும் ஃபிளேஞ்ச் தகடு 10 மில்லிமீட்டர் இருந்தால் வளையாது. 6 மில்லிமீட்டர் தகடு வெல்டிங் சூட்டிலேயே வளைந்து விடும்.

வளைப்பது எப்படி? மெஷின் இல்லாத இடத்தில் குழாய்க்குள் மணலை இறுக்கமாக நிரப்பி, இரண்டு முனையையும் அடைத்து, நெருப்பில் பழுக்கக் காய்ச்சி வளைப்பார்கள். குழாய் நசுங்காமல் வளையும். அருமையான வித்தை. ஆனால் மணல் எலும்பு போல் காய்ந்திருக்க வேண்டும். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் உள்ளே நீராவி உண்டாகும். அடைப்பு துப்பாக்கிக் குண்டு போல் பறக்கும். மணலை வாணலியில் வறுத்து ஆற விட்டுத்தான் நிரப்ப வேண்டும். அடைப்புக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. இந்த வேலைக்குச் சின்னப் பையனை நிறுத்துகிற உஸ்தாத்துகளும் உண்டு. அது தப்பு.

குழாயை வண்டியில் வைத்துப் புள்ளி வெல்டிங் மட்டும் வையுங்கள். பிறகு கழற்றி வெளியே கொண்டு வந்து முழுதாக ஒட்டுங்கள். புள்ளி வைக்கும்போதும் பேட்டரி வயரைக் கழற்ற வேண்டும். இன்ஜெக்‌ஷன் வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டியையும் கழற்ற வேண்டும். பெட்ரோல் பக்கத்தில் இருக்கவே கூடாது. முழு வெல்டிங் செய்யும்போது ஃபிளேஞ்சை ஒரு கனமான இரும்புப் பலகையில் போல்ட் போட்டு இறுக்கி வைத்தால் வளையாது.

இன்ஜெக்‌ஷன் என்ஜினுக்கு ஆக்சிஜன் சென்சார் உண்டு. புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று அது பார்க்கிறது. அதற்கு 18 மில்லிமீட்டர் மரை வேண்டும். நான்கு குழாயும் சேர்ந்த பிறகு வருகிற இடத்தில் வைக்க வேண்டும். கொஞ்சம் மேல் நோக்கி இருக்கட்டும். கீழே வைத்தால் தண்ணீர் சேரும். சென்சாருக்கு முன்னால் எங்காவது கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே போகும். “பெட்ரோல் போதவில்லை” என்று சென்சார் ஏமாந்து விடும். கம்ப்யூட்டர் அதிகப் பெட்ரோலை ஊற்றும். மைலேஜ் விழும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் தூக்கி எறியக் கூடாது. அது இல்லாவிட்டால் புகைச் சான்றுக்குப் போகும்போது மாட்டிக் கொள்வீர்கள்.

கசிவு என்றதும் பெட்ரோல் செலவை மட்டும் நினைக்காதீர்கள். புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை. மணம் இல்லை. நமது ரத்தம் ஆக்சிஜனைப் பிடிப்பதை விட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக் கொள்ளும். உடம்புக்கு ஆக்சிஜன் போகாது. முதலில் தலை வலிக்கும். குமட்டும். பிறகு தூக்கம் வரும். தூங்கினவர் எழுந்திருக்க மாட்டார்.

என்ஜின் மாற்றிய வண்டியில் இந்த ஆபத்து கூடுதல். ஏன் தெரியுமா? என்ஜினுக்கும் ஆட்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவே ஒரு தகடு இருக்கும். பழைய என்ஜினின் கேபிள், வயர், குழாய் எல்லாம் அந்தத் தகட்டு ஓட்டைகள் வழியாகத்தான் போயிருக்கும். புது என்ஜினுக்கு அவை தேவைப்படாது. ஓட்டைகள் அப்படியே திறந்து கிடக்கும். குளிர் காலம். மேலே ரெக்சின் கூரை. கண்ணாடி எல்லாம் ஏற்றி இருக்கும். பின்னால் பிள்ளைகள் தூங்குகிறார்கள். ஹெட்டர் கேஸ்கட்டில் ஒரு கசிவு. இந்தக் காட்சியை நினைத்துக் கொண்டு அந்த ஓட்டைகளை ஒன்று விடாமல் ரப்பரும் தகடும் வைத்து அடைக்க வேண்டும். வேறு எந்த வேலையைச் சுருக்கினாலும் இதைச் சுருக்கக் கூடாது. பட்டறைக்கும் இதே எச்சரிக்கை. ஷட்டரை இறக்கி விட்டு என்ஜினை ஓட்டிப் பார்க்காதீர்கள்.

இப்போது நம் ஜிப்ஸி. உஸ்தாத் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். வண்டிக்காரர் கொஞ்சம் முகம் சுளித்தார். ஹெட்டர் ஆசை அவருக்கு விடவில்லை. கடைசியில் இரும்பு மேனிபோல்டுக்குத்தான் ஒத்துக் கொண்டார். மிச்சப் பணத்தில் பிரேக் ஹோஸ் எல்லாவற்றையும் புதிதாகப் போடச் சொன்னார் உஸ்தாத். பழையவை வெடித்திருந்தன.

மாட்டும்போதும் கவனம் வேண்டும். ஹெட் அலுமினியம். ஸ்டட்டை வெறி கொண்டு இறுக்கினால் மரை பிய்ந்து வரும். நடுவில் இருந்து தொடங்கி இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். குழாயின் எடை மேனிபோல்டில் தொங்கக் கூடாது. கியர் பெட்டியில் ஒரு தாங்கி வைக்க வேண்டும். என்ஜின் ரப்பர் மவுண்டில் ஆடும். பின் குழாய் சட்டத்தோடு நிற்கும். நடுவில் அசையும் இணைப்பு இல்லாவிட்டால் எங்காவது உடையும்.

வேலை முடிந்தது. காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து காது கொடுத்துக் கேட்டார்கள். டிக் டிக் என்ற சத்தம் இல்லை. உதவியாளர் கையில் கனமான துணியைப் பிடித்து, பின் குழாயின் வாயைப் பாதி மூடினார். உஸ்தாத் மேனிபோல்டு ஓரமாகச் சோப்பு நுரையைத் தடவினார். சூடேறும் முன்பே இதைச் செய்து விட வேண்டும். ஒரு ஸ்டட் பக்கம் மட்டும் நுரை குமிழ் விட்டது. என்ஜினை நிறுத்திக் கால் சுற்று இறுக்கினார்கள். குமிழ் நின்றது.

வண்டியை இருபது கிலோமீட்டர் ஓட்டி வந்து, ராத்திரி முழுவதும் ஆற விட்டார்கள். மறுநாள் எல்லா நட்டையும் இன்னொரு முறை இறுக்கினார்கள். கேஸ்கட் ஓரத்தில் கரி படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார்கள். சுத்தமாக இருந்தது. அதன் பிறகுதான் உஸ்தாத் சாவியைக் கொடுத்தார். “ஐநூறு கிலோமீட்டர் ஓடியதும் கொண்டு வாருங்கள். நட்டை மறுபடியும் பார்க்க வேண்டும்” என்றார்.